முதுமையில் மறதி: கன்னிமாடத்து ஏடுகள் சொல்லும் செய்தி

முன்னுரை

குழந்தைக்குப் பல் முளைப்பது போலவே முதியவர்க்கு மறதி வருவதும் இயற்கை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றோம். "வயசாயிட்டா அப்படித்தான்" என்ற இரண்டு சொற்களில் ஒரு மனிதரின் துன்பம் முழுவதையும் கட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். இந்த எண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறதி இரு வகைப்படும். அடுப்பில் உலை வைத்ததை மறந்து அடுத்த வீட்டில் பேசிக்கொண்டிருப்பது ஒரு வகை. அது எவர்க்கும் வரும். தேர்வு நாள் நெருங்கும்போது மாணவர்களாகிய நமக்கும் வரும். நாற்பது ஆண்டுகள் சமைத்த கைக்கு உலை வைப்பது எப்படி என்பதே தெரியாமற் போவது மற்றொரு வகை. இது வயதின் குறையன்று. மூளையைப் பற்றிய நோய். இதனையே மருத்துவர்கள் டிமென்ஷியா என்கின்றனர். தமிழில் அறிவாற்றல் தேய்வு எனலாம். நினைவு மட்டுமன்றிச் சொல், வழி, கணக்கு, குணம் ஆகிய யாவும் இதில் படிப்படியாகத் தேய்கின்றன.

இந்நோயால் துன்புறுவோர் உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் என்று உலக நல நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நம் நாட்டில் 2017 முதல் 2020 வரை நடைபெற்ற ஆய்வு ஒன்று, அறுபது வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர் இந்நிலையில் உள்ளனர் என மதிப்பிட்டது. அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிட நாட்டுப்புறத்திலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கூறுகிறது. எனவே, நம் ஊர்த் திண்ணைகளிலும் இந்நோய் அமர்ந்திருக்கிறது; நாம்தான் அதன் பெயரை அறியாதிருக்கிறோம்.

நோய்க்குப் பெயர் வந்த வரலாறு

1901-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு அவுகுஸ்தே என்னும் 51 வயதுப் பெண்மணி ஒருவர் கொண்டுவரப்பட்டார். கணவர் மீது காரணமற்ற ஐயம், வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமை, பொருள்களை எங்கோ ஒளித்துவைத்தல் ஆகியன அவரிடம் காணப்பட்டன. அவரைக் கவனித்துக் குறிப்பெழுதியவர் ஆலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின், அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார் அல்சைமர். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே நூற்கண்டு சிக்கியது போன்ற முடிச்சுகளும் இருக்கக் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் தூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் இதனை விளக்கினார். 1910-இல் கிரேப்பலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

படிவுகள் பீட்டா அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை என்பதும், முடிச்சுகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பதும் 1980-களில் தெளிவாயின. டிமென்ஷியாவிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலிடம் பெறுவது அல்சைமர் நோய். மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வரும் தேய்வு அதற்கு அடுத்ததாகக் கூறப்படும்.

படிவும் முடிச்சும் இருந்தால் நோய் உண்டு. இல்லையேல் நோய் இல்லை என்று கொண்டால் கதை எளிதாக முடிந்துவிடும். ஆனால் உண்மை அத்துணை எளிதன்று. அதனை உலகுக்குக் காட்டியவர்கள் அமெரிக்க நாட்டுக் கன்னியாஸ்திரீகள்.

கன்னிமாடத்தைத் தேர்ந்தது ஏன்?

டேவிட் ஸ்னோடன் என்பவர் நோய்ப் பரவலியல் ஆராய்ச்சியாளர். 1986-இல் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் பணியாற்றியபோது, நோட்டர்டேம் பள்ளிச் சகோதரியர் என்னும் கத்தோலிக்கத் துறவுச் சபையினரிடம் முதுமை பற்றிய தம் ஆய்வைத் தொடங்கினார். பின்னர்க் கென்டக்கி பல்கலைக் கழகத்திற்கு மாறி அதனை விரிவாக்கினார். 678 சகோதரியர் இதில் பங்குகொண்டனர். 1991 முதல் 1993 வரை அவர்கள் சேர்க்கப்பட்டபோது இளையவருக்கு வயது 75, மூத்தவருக்கு 102.

துறவிகளை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வினா எழுவது இயல்பே. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்யும்போது, நாம் அறிய விரும்பும் ஒன்றைத் தவிர மற்றவற்றை ஒரே நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பிக்கின்றனர். தவளையிடமும் எலியிடமும் இது கைகூடும், மனிதரிடம் கைகூடுமா? ஒருவர் புகைப்பார், ஒருவர் புகையார். ஒருவர்க்குப் பாலும் பழமும், ஒருவர்க்குக் கூழ். ஆனால் கன்னிமாடத்தில் எல்லார்க்கும் ஒரே பந்தி, ஒரே வகை வீடு, ஒரே வகை மருத்துவம். எவரும் மணம் புரிந்தவரல்லர், பிள்ளை பெற்றவரல்லர். பெரும்பாலோர் ஆசிரியைகள். ஆய்வாளன் தேடினாலும் கிடைக்காத ஒற்றுமையை அவர்களது துறவு வாழ்க்கையே அமைத்துத் தந்தது.

ஆண்டுதோறும் நினைவாற்றல் தேர்வுக்கு உட்பட அவர்கள் இசைந்தனர். இறந்தபின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் 678 பேரும் உடன்பட்டனர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள், மறைந்தபின்னும் பாடம் சொல்ல முன்வந்தனர் என்றால் அது மிகையன்று.

இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒரு பக்கம்

கன்னிமாடத்துப் பழைய ஆவணங்களுக்குள் ஒரு புதையல் இருந்தது. 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், வட அமெரிக்கச் சகோதரியரின் தலைவி ஓர் ஆணை அனுப்பியிருந்தார். ஒவ்வொரு சகோதரியும் தம் வாழ்க்கை வரலாற்றை இருநூறு முந்நூறு சொற்களுக்குள் ஒரே தாளில் எழுதித் தரவேண்டும். பிறந்த ஊர், பெற்றோர், பள்ளி, துறவுக்கு வந்த காரணம் ஆகியன அதில் இடம்பெற வேண்டும் என்பது அவ்வாணை. அதன்படி இளஞ்சகோதரியர் எழுதிய தாள்கள் கோப்புகளில் உறங்கிக்கிடந்தன. எழுதியபோது அவர்களின் சராசரி வயது 22. ஏறத்தாழ நம் வகுப்புகளில் இன்று அமர்ந்திருப்போர் வயது.

ஸ்னோடன் குழுவினர் மொழியறிஞர் சூசன் கெம்பர் துணையுடன் அத்தாள்களை ஆராய்ந்தனர். எழுத்தழகையோ பிழையையோ அவர்கள் நோக்கவில்லை, இரண்டை அளந்தனர். பத்துச் சொற்களுக்குள் எத்தனை கருத்துகள் அடங்கியுள்ளன என்பது ஒன்று. இதனைக் கருத்துச் செறிவு எனலாம். வாக்கியத்துள் வாக்கியம் அமைந்து எவ்வளவு பின்னலாக உள்ளது என்பது மற்றொன்று. இது இலக்கணச் செறிவு.

தமிழில் ஓர் எடுத்துக்காட்டு அமைத்துப் பார்ப்போம். "நான் ஒரு சிற்றூரில் பிறந்தேன். என் தந்தை ஓர் உழவர். என்னுடன் பிறந்தவர் நால்வர்" என்று ஒருவர் எழுதுகிறார். மற்றொருவர், "கிணறு வற்றிய ஆண்டில் பிறந்ததால் ஊரார் என்னை ராசியில்லாதவன் என்றபோதும், ஏர் ஓட்டிக்கொண்டே எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்த தந்தையாரால்தான் பள்ளிக்கு வந்தேன்" என்று எழுதுகிறார். இருவரும் தம் பிறப்பைத்தான் கூறினர். ஆயினும் இரண்டாவது வாக்கியத்தில் கருத்துகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கின்றன. இதுவே கருத்துச் செறிவு.

93 சகோதரியரின் தாள்களை, சராசரியாக 58 ஆண்டுகளுக்குப் பின் எடுத்த அறிவாற்றல் தேர்வுகளோடு ஒப்பிட்டனர். இளமையில் கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களே முதுமையில் குறைந்த மதிப்பெண் பெற்றோராகப் பெரிதும் இருந்தனர். அதற்குள் இறந்துவிட்ட 14 பேரின் மூளைகளைச் சோதித்தபோது வியப்பு மேலும் மிகுந்தது. கருத்துச் செறிவு குறைந்திருந்த அனைவர் மூளையிலும் அல்சைமர் நோய் உறுதியாயிற்று. செறிவு மிகுந்திருந்தோர் ஒருவரிடமும் அது காணப்படவில்லை. இம்முடிவு 1996-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. 180 சகோதரியரின் தாள்களைக் கொண்டு 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அவற்றில் மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை போன்ற உணர்வுகளை மிகுதியாக வெளியிட்டோர் நீண்ட நாள் வாழ்ந்தனர் என்று காட்டிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. சேவல் கூவிய பின் பொழுது விடிகிறது; சேவல் பொழுதை விடிவிப்பதில்லை. இளமையில் மொழித்திறன் வளர்ந்ததனால் மூளை உரம் பெற்று நோயைத் தாங்கிற்றா? அல்லது முதுமையில் வெளிப்படும் நோயின் விதை இருபது வயதிலேயே மூளையில் விழுந்து, அதன் நிழல்தான் எழுத்தில் தெரிந்ததா? இரண்டாவது விளக்கமும் புறக்கணிக்கத்தக்கதன்று. டௌ புரதத்தின் தொடக்க நிலை மாற்றங்கள் இளம் வயதினர் சிலர் மூளையிலேயே காணப்படுவதை ஜெர்மானிய அறிஞர் ஹெய்கோ பிராக் காட்டியுள்ளார்.

மூளை காட்டிய புதிர்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். படிவும் முடிச்சும் இருந்தால் நோய் உண்டா? கன்னிமாடத்து ஆய்வில் 101 வயதில் மறைந்த ஒரு சகோதரி, இறப்பதற்கு முன் எழுதிய தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தார். பேச்சில் தடுமாற்றமில்லை, நினைவில் குறையில்லை. ஆனால் அவருடைய மூளையைச் சோதித்தபோது படிவுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. நோயின் அடையாளம் இருந்தது. நோய் மட்டும் இல்லை.

இத்தகைய புதிரை 1988-இல் காட்ஸ்மன் என்னும் அறிஞரும் கண்டிருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்து மறைந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, பத்துப் பேரிடம் அல்சைமர் மாற்றங்கள் இருந்தும் அவர்கள் வாழ்ந்த நாளில் அறிவுத் தெளிவுடன் இருந்தனர் என்பது தெரிந்தது. அவர்களின் மூளை எடை மிகுந்தும், நரம்பணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் இருந்தன. இதிலிருந்து 'அறிவுச் சேமிப்பு' என்னும் கருத்துப் பிறந்தது. நல்ல மழைக் காலத்தில் ஏரியை நிரப்பிவைத்த ஊர், ஓராண்டு வானம் பொய்த்தாலும் பயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். ஏரி குறைந்த ஊரில் அதே வறட்சி உடனே தெரியும். வறட்சி இரண்டு ஊருக்கும் ஒன்றே. தாங்கும் ஆற்றல்தான் வேறு. கல்வி, பேச்சு, தொழில்திறன், மக்களோடு பழகுதல் ஆகியன இந்த ஏரியை நிரப்பும் கால்வாய்கள் என்று அறிஞர் கருதுகின்றனர்.

ஏரியை உடைப்பது எது என்பதையும் சகோதரியரின் மூளைகள் காட்டின. 1997-இல் வெளியான ஆய்வில் 102 சகோதரியரின் மூளைகள் சோதிக்கப்பட்டன. அவர்களுள் 61 பேருக்கு அல்சைமர் மாற்றங்கள் இருந்தன. அந்த 61 பேருள்ளும், இரத்தக் குழாய் அடைப்பால் மூளையின் சிறு பகுதிகள் பட்டுப்போயிருந்தவர்களே வாழ்ந்த நாளில் பெரிதும் அறிவு தேய்ந்திருந்தனர். அல்சைமர் மாற்றங்கள் இல்லாதவர்களிடம் அதே அடைப்புகள் அத்துணைத் தீங்கு செய்யவில்லை. தனித்தனியே நின்றால் தாங்கக்கூடிய இரு பகைகள் ஒன்று சேர்ந்தபோது கோட்டை வீழ்ந்தது. அல்சைமரைத் தடுத்து நிறுத்தும் வழி நம் கையில் இல்லை. ஆனால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து இரண்டாம் பகையைத் தடுக்க இயலும். இந்த ஆய்வு நடைமுறைக்குத் தரும் பெரும்பயன் இதுவே என்பது என் கருத்து.

எழுதப் படிக்கத் தெரியாதவர் நிலை என்ன?

இவ்வளவும் படித்தபோது என் உள்ளத்தில் ஒரு கவலை எழுந்தது. அந்தச் சகோதரியர் கல்லூரி வரை கற்றவர்கள். தாளும் பேனாவும் கையில் வைத்திருந்தவர்கள். நம் பாட்டிமார்களோ பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதியாதவர்கள். அவர்கள் படிக்காதது அவர்கள் குற்றமன்று, படிக்க விடவில்லை. எழுத்தறிவுதான் மூளைக்கு அரண் என்றால், இவர்கள் அரணற்றவர்களா? ஒரு முறை வஞ்சிக்கப்பட்டவர்களை முதுமை இரண்டாம் முறையும் வஞ்சிக்கிறதா?

இந்த வினாவிற்கு ஒரு பகுதி விடை நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி என்னும் நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் டிமென்ஷியா உற்ற 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 391 பேர் இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசுவோர். தெலுங்கும் தக்கணி உருதும் இந்தியும் தெருவில் கலந்து ஒலிக்கும் நகரமல்லவா அது! ஒரே மொழி பேசுவோரைவிட இருமொழி பேசுவோர்க்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கிற்று. எழுத்தறியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது என்பதே இதில் தலையாய செய்தி. சந்தையிலும் வேலைத்தளத்திலும் இரு மொழிகளுக்கிடையே மாறி மாறி உழைத்த மனமும் தன் ஏரியை நிரப்பிக்கொள்கிறது போலும்! இதுவும் ஒரு தொடர்பே அன்றி முடிந்த முடிபன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மற்றொரு சிக்கல் தேர்வு முறையைப் பற்றியது. 1975-இல் போல்ஸ்டீன் என்பவர் அமைத்த முப்பது மதிப்பெண் தேர்வே உலகெங்கும் பரவலாகக் கையாளப்படுவது. இன்றைய தேதி கூறுக. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வருக. ஒரு வாக்கியம் எழுதுக என்றெல்லாம் அது கேட்கும். பள்ளிக்குச் செல்லாதவர் இதில் தோற்றால் அது நோயா, கல்லாமையா? அரியானா மாநிலத்துப் பல்லப்கர் சிற்றூர்களில் ஆய்வு நடத்திய மேரி கங்குலி குழுவினர், 1995-இல் இத்தேர்வை இந்தியில் திருத்தியமைத்தனர். ஏழு ஏழாகக் கழிப்பதற்கு மாறாகக் கிழமைகளைப் பின்னோக்கிக் கூறச் சொன்னார்கள்; வாக்கியம் எழுதுவதற்கு மாறாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் சொன்னார்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது இதன் தேவையை நான் நேரில் உணர்ந்தேன். தை மாதம், ஒரு கிராமத்தில் வீடு வீடாகச் சென்று முதியோர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு மூதாட்டியிடம், "பாட்டி, இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டேன். "தேதியெல்லாம் எனக்கெதுக்கு தம்பி? மாட்டுப் பொங்கல் போய் நாலு நாளாச்சு. சந்தைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார். தேதியைக் கேட்கும் தாளில் அவருக்குச் சுழி. காலத்தை அறியும் அறிவில் அவருக்கு முழு மதிப்பெண்!

1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் 10/66 என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தனர். டிமென்ஷியா உற்றோருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அவர்களைப் பற்றி நடைபெறவில்லை என்பதே அப்பெயரின் பொருள். அக்குழுவின் ஆய்வு நடைபெற்ற இடங்களுள் நம் சென்னையும் வேலூரும் உண்டு என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

மறதிபோல் தோன்றும் பிற

மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகிவிடாது. துணையை இழந்த முதியவர் பேச்சுக் குறைந்து, உணவை வெறுத்து, கேட்டதற்கெல்லாம் "தெரியாது" என்றே கூறலாம். அது மனச்சோர்வாக இருக்கக்கூடும்; மருத்துவத்தாலும் ஆறுதலாலும் மீளக்கூடியது. தைராய்டுச் சுரப்புக் குறைவும், பி 12 உயிர்ச்சத்துக் குறைவும் மறதியை உண்டாக்கும், அவற்றையும் சரிசெய்யலாம். காது கேளாதவர் மாற்றி விடை சொன்னால் அறிவு மயங்கியவர் என்று நாம் முடிவு கட்டிவிடுவதும் உண்டு. ஆகவே "வயதானால் அப்படித்தான்" என்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லாதிருப்பது, தீரக்கூடிய துன்பத்தைத் தீராததாக்கும் செயலாகும். முதியோர்க்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவு 1978-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்நோயை அறியாமையால் வரும் தீங்கு முதியவரோடு நின்றுவிடுவதில்லை. சாப்பிட்டுக் கைகழுவிய மாமியார், வாசலில் போவோரிடம் "எனக்கு இன்னும் சோறு போடலை" என்கிறார். கேட்டவர்கள் மருமகளைத் தூற்றுகின்றனர். அம்மாமியார் பொய் சொல்லவில்லை. உண்டது அவர் நினைவில் பதியவில்லை. மருமகளும் கொடுமைக்காரியல்லள், அவள்தான் இரவெல்லாம் விழித்துக் காவலிருப்பவள். நோயின் பெயரை அக்கம்பக்கத்தார் அறிந்திருந்தால், இரு பெண்களும் பழியிலிருந்து தப்புவர்.

முடிவுரை

இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. படிவுகளை நீக்கிச் சிலரிடம் தேய்வின் வேகத்தைச் சிறிது குறைக்கும் மருந்துகள் அண்மையில் வந்துள்ளன. அவை விலை மிகுந்தவை, ஓயாத கண்காணிப்பு வேண்டுபவை. ஆனால் 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு தரும் செய்தி நமக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. பள்ளிக் கல்விக் குறைவு, செவிட்டுத்தன்மை, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தீய கொழுப்பு, உடற்பருமன், புகை, மிகு குடி, தலைக்காயம், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகிய பதினான்கையும் களைந்தால் டிமென்ஷியாவில் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்கள் கணிப்பு.

இப்பட்டியலை ஊன்றி நோக்கினால், இதில் மருத்துவர் செய்ய வேண்டியவை சில. அரசு செய்ய வேண்டியவை சில. நாம் செய்ய வேண்டியவை பல. பெண் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதிருப்பது எழுபது ஆண்டுகளுக்குப் பின்வரும் ஒரு நோய்க்கு இன்றே இடும் வேலி. இருசக்கர வண்டியில் தலைக்கவசம் அணிவதும் அத்தகையதே. தாத்தாவுக்குக் காதுக் கருவி வாங்கித் தருவதும், பாட்டியின் கண்புரையை நீக்கி வைப்பதும், மாலையில் கால்மணி நேரம் அவர்கள் அருகில் அமர்ந்து பழங்கதை கேட்பதும் மருந்துச் சீட்டு வேண்டாத மருத்துவங்கள்.

மாணவ நண்பர்கள் ஒன்று செய்யலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டு மூத்தவர் கூறக் கூற அவருடைய வாழ்க்கையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறந்த ஊர், பெற்றோர், செய்த தொழில், கண்ட பஞ்சம், பாடிய தாலாட்டு ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். நாளை ஒருகால் அவர் நினைவு தேயுமாயின், அவர் யார் என்பதை அவருக்கும், அவரைப் பேணுவோர்க்கும் அத்தாள் எடுத்துச் சொல்லும்.